குறைமாதக் குழந்தைக்குப் புரோபயாடிக்: எது, யாருக்கு, யார் கையால்?

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் கிங் எட்வர்டு மெமோரியல் என்றொரு பெரிய மகப்பேறு மருத்துவமனை இருக்கிறது. அங்கே மிகவும் முன்கூட்டிப் பிறக்கும் குழந்தைகளுக்கு 2012 முதல் பாலோடு சேர்த்து ஒரு பொடியையும் கொடுத்துவருகிறார்கள். அந்தப் பொடியில் இருப்பது பைஃபிடோபாக்டீரியம் ப்ரேவே என்ற பாக்டீரியா, அதுவும் உயிரோடு. அமெரிக்காவில் நிலைமை வேறு. இதே வகையைச் சேர்ந்த பொருட்களைக் குறைமாதக் குழந்தைகளுக்காக மருத்துவமனைகளுக்கு விற்ற நிறுவனங்களுக்கு, 2023 அக்டோபரில் அந்நாட்டின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. பல மருத்துவமனைகள் கொடுப்பதை நிறுத்திவிட்டன. இரண்டு நாட்டிலும் இருப்பவர்கள் தேர்ந்த மருத்துவர்கள்தான். அவர்கள் படிப்பதும் ஒரே ஆய்வுகளைத்தான். பிறகு ஏன் இப்படி?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்துகொள்ள வேண்டிய தேவை நமக்கு மற்றவர்களைவிட அதிகம். உலகிலேயே குறைமாதத்தில் அதிகக் குழந்தைகள் பிறக்கும் நாடு இந்தியா. 2020-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 30 லட்சம் குழந்தைகள். பச்சிளம் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவான என்.ஐ.சி.யு. வாசலில் காத்திருக்கும் அப்பாவின் கையில் ஒருநாள் மருந்துச் சீட்டு வருகிறது. அதில் ஒரு சாஷேயின் பெயர் இருக்கிறது. வாங்கிக் கொடுக்கிறார். அது என்ன, எதற்கு என்று பெரும்பாலும் அவருக்குத் தெரிவதில்லை. அவருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தக் குழந்தையின் வயிற்றைப் பார்ப்போம்.

37 வாரம் நிறைவதற்குள் பிறக்கும் எல்லாக் குழந்தைகளும் குறைமாதக் குழந்தைகளே. ஆனால் 36-ஆவது வாரத்தில் பிறந்த குழந்தையும் 28-ஆவது வாரத்தில் பிறந்த குழந்தையும் ஒன்றல்ல. பின்னதன் எடை ஒரு கிலோவை ஒட்டி இருக்கும். உறிஞ்சி, விழுங்கி, இடையில் மூச்சும் விடும் திறமை ஏறக்குறைய 34 வாரத்தில்தான் கூடிவரும் என்பதால், அதுவரை வாய் வழியாகவோ மூக்கு வழியாகவோ இரைப்பைக்குள் மெல்லிய குழாய் செலுத்தி, அதில்தான் பால் விடுவார்கள். பால் போய்ச் சேரும் குடலும் தயாராக இருப்பதில்லை. உணவைத் தள்ளும் அசைவு ஒழுங்குக்கு வந்திருக்காது. உட்சுவர் மெல்லியது, அந்தச் சுவரைக் காக்கும் சளிப்படலம் அதைவிட மெல்லியது.

நிறைமாதத்தில் சுகப்பிரசவமாகப் பிறக்கும் குழந்தைக்குத் தாயின் பிறப்புறுப்பு, குடல், தோல், பால் எல்லாவற்றிலிருந்தும் பாக்டீரியாக்கள் வந்து சேர்கின்றன. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் குடலில் சில நாட்களிலேயே பைஃபிடோ வகை பாக்டீரியாக்கள் பெருகிவிடும். பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய ஆன்ரி டிஸியே 1899-இல் இவற்றை முதன்முதலில் பிரித்தெடுத்ததே தாய்ப்பால் குடிக்கும் குழந்தையின் மலத்திலிருந்துதான். இந்த ஏற்பாட்டில் தாய்ப்பாலின் பங்கு வியப்பானது. அதில் ஏறத்தாழ 200 வகைச் சிறுசர்க்கரைகள் இருக்கின்றன. குழந்தையால் அவற்றைச் செரிக்க முடியாது. அவை குழந்தைக்கான உணவே இல்லை. குழந்தையின் குடலில் குடியேறும் பைஃபிடோ பாக்டீரியாக்களுக்கான சாப்பாடு.

குறைமாதக் குழந்தைக்கு இந்த வரிசை குலைந்துபோகிறது. பெரும்பாலும் அவசர சிசேரியன். பிறந்த உடனே தாயிடமிருந்து பிரித்து இன்குபேட்டருக்குள் வைக்கிறார்கள். தொற்று இருக்குமோ என்ற நியாயமான அச்சத்தில் முதல் நாளிலேயே ஆன்டிபயாடிக் ஏறுகிறது. தாய்க்குப் பால் சுரக்க நாளாகிறது. இந்த நேரத்தில் அந்தக் குடலுக்குள் நுழைவது வார்டில் திரியும் கிருமிகள்: கிளெப்சியெல்லா, என்டரோபாக்டர், ஸ்டஃபிலோகாக்கஸ் போன்றவை. குழாய் வழியாகவும் கை வழியாகவும் வருகின்றன.

இந்த நிலையிலிருந்துதான் பச்சிளம் குழந்தை மருத்துவர்கள் மிகவும் அஞ்சும் நோய்களில் ஒன்று பிறக்கிறது. முழுப்பெயர் நெக்ரோடைசிங் என்டரோகொலைடிஸ். வார்டில் ‘நெக்’ என்பார்கள். குடலின் ஒரு பகுதி வீங்கி, ரத்த ஓட்டம் குறைந்து, அழுகிப்போவதுதான் இந்த நோய். கொடுமை என்னவென்றால், குழந்தை தேறிவருகிறது என்று எல்லோரும் நம்பத் தொடங்கும் நேரத்தில், பிறந்து இரண்டு மூன்று வாரம் ஆன பிறகு, அது வரும். வயிறு உப்பும். குழாயில் பச்சை நிறத்தில் பித்தம் திரும்பும். மலத்தில் ரத்தம் தெரியும். எக்ஸ்ரே எடுத்தால் குடல் சுவருக்குள்ளேயே காற்றுக் குமிழ்கள் தெரியலாம். உடனே பாலை நிறுத்தி, ஆன்டிபயாடிக் கொடுத்து, இரைப்பையைக் குழாய் வழியாகக் காலிசெய்து காத்திருப்பார்கள். ஓட்டை விழுந்தால் அறுவை சிகிச்சை. ஒன்றரைக் கிலோவுக்குக் குறைவான எடையில் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு இது வருகிறது. வந்தவர்களில் நான்கில் ஒரு குழந்தை அளவுக்கு இறந்துபோகிறது. பிழைக்கும் குழந்தைகள் சிலருக்குக் குடலின் நீளம் குறைந்துபோய், பல மாதங்கள் நரம்பு வழியாகவே ஊட்டச்சத்து ஏற்ற வேண்டியிருக்கும்.

நெக் வருவதற்கு ஒரே காரணம் என்று எதையும் கைகாட்ட முடியாது. முதிராத குடலின் உட்சுவரில் டி.எல்.ஆர்.4 என்ற ஏற்பிகள் அதிகமாக இருக்கின்றன. கிளெப்சியெல்லா போன்ற பாக்டீரியாக்களின் மேலுறையைக் கண்டதும் இவை அளவுக்கு மீறி எச்சரிக்கை மணி அடிக்கின்றன. அழற்சி கிளம்புகிறது, ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, திசு மடிகிறது. நெக் வருவதற்குச் சில நாட்கள் முன்பிருந்தே அக்குழந்தைகளின் மலத்தில் இந்த வகை பாக்டீரியாக்கள் பெருகிவிடுவதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

அப்படியானால் நல்ல பாக்டீரியாவை நாமே முன்கூட்டி உள்ளே அனுப்பினால் என்ன? புரோபயாடிக் சிகிச்சையின் அடிப்படை இவ்வளவுதான். கூட்டமான பேருந்தில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பதைப் போல, கெட்டவை வந்து உட்காருவதற்குள் நல்லவற்றுக்கு இடம் பிடித்துவிடுவது. பைஃபிடோ பாக்டீரியாக்கள் இடத்தை அடைத்துக்கொள்வதோடு நிற்பதில்லை. தாய்ப்பாலின் சிறுசர்க்கரையைத் தின்று அசெட்டிக், லாக்டிக் அமிலங்களை வெளியிடுகின்றன. குடலின் அமிலத்தன்மை கூடினால் கிளெப்சியெல்லா போன்றவற்றுக்கு வளர்வது கடினம். குடல் சுவரின் செல்களுக்கு இடையிலுள்ள இணைப்புகள் இறுகவும், அந்த எச்சரிக்கை மணி அடங்கவும் இவை உதவுகின்றன.

பொகோட்டாவிலிருந்து தொடங்கிய தேடல்

இதைப் பெரிய அளவில் செய்துபார்த்தவர்களில் முன்னோடி, கொலம்பியத் தலைநகர் பொகோட்டாவில் பணியாற்றிய ஆஞ்செலா ஓயோஸ் என்ற மருத்துவர். இன்று உலகமெங்கும் தாய்மார்கள் குழந்தையை வெற்றுடம்போடு நெஞ்சில் அணைத்து வைத்திருக்கும் கங்காரு பராமரிப்பும் 1978-இல் இதே நகரில்தான் தொடங்கியது. வசதிக் குறைவு நெருக்கிய இடத்தில் மருத்துவர்கள் எளிய வழிகளைத் தேடியிருக்கிறார்கள். தன் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஓராண்டு சேர்க்கப்பட்ட 1,237 குழந்தைகளுக்கும் ஓயோஸ் இரண்டு வகை பாக்டீரியாக்களைத் தினமும் கொடுத்தார். அதற்கு முந்தைய ஆண்டு 1,282 குழந்தைகளில் 85 பேருக்கு நெக் வந்திருந்தது. கொடுத்த ஆண்டில் 34 பேருக்கு மட்டுமே வந்தது. 1999-இல் இது வெளியானபோது பலரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

ஆனால் போன ஆண்டோடு இந்த ஆண்டை ஒப்பிடுவது வலுவான ஆதாரமாகாது. இடையில் கை கழுவும் பழக்கம் கூடியிருக்கலாம், தாய்ப்பால் கொடுப்பது அதிகரித்திருக்கலாம். யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் பொடி என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்து, கொடுப்பவருக்கும் தெரியாமல் கொடுத்துப் பார்த்தால்தான் உண்மை வெளிவரும். இஸ்ரேல், தைவான் என்று 2005 முதல் இத்தகைய ஆய்வுகள் வரத் தொடங்கின. அவற்றில் இரண்டை மட்டும் இங்கே விரிவாகச் சொல்கிறேன். ஏனென்றால் இன்றைய வாதங்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் சுற்றியே நடக்கின்றன.

முதலாவது, ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடந்த புரோபிரெம்ஸ். 32 வாரத்துக்கு முன், ஒன்றரைக் கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த 1,099 குழந்தைகள். மூன்று வகை பாக்டீரியாக்கள் கலந்த பொடி. 2013-இல் முடிவு வெளிவந்தது: வெறும் பொடி பெற்றவர்களில் 4.4 சதவீதம் பேருக்கு நெக். புரோபயாடிக் பெற்றவர்களில் 2.0 சதவீதம். பாதிக்கும் குறைவு. ஆனால் இறப்பு எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை. ரத்தத்தில் தொற்று ஏறுவதும் உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை.

இரண்டாவது, இங்கிலாந்தில் நடந்த பிப்ஸ். 23 முதல் 30 வாரத்தில் பிறந்த 1,315 குழந்தைகள், 24 மருத்துவமனைகள். கொடுத்தது ஒரே ஒரு பாக்டீரியா: பைஃபிடோபாக்டீரியம் ப்ரேவேயின் ஒரு குறிப்பிட்ட ரகம். 2016-இல் வந்த முடிவு பலரைச் சோர்வடைய வைத்தது. நெக் ஒரு பக்கம் 9 சதவீதம், மறுபக்கம் 10 சதவீதம். பயன் இல்லை.

இந்த ஆய்வின் இன்னொரு கண்டுபிடிப்பு அதன் முடிவைவிட முக்கியமானது என்பது என் கருத்து. வெறும் பொடி மட்டுமே பெற்ற குழந்தைகளின் மலத்தைச் சோதித்தபோது, ஏறக்குறைய பாதிப் பேரிடம் அதே பாக்டீரியா இருந்தது! கொடுக்கப்படாத குழந்தைகளின் குடலில் அது எப்படி வந்தது? பக்கத்து இன்குபேட்டரிலிருந்து, பராமரிப்பவர்களின் கைகள் வழியாக. ஆய்வின் இரு தரப்பும் கலந்துபோனதால் உண்மையான பயன் மறைந்திருக்கலாம் என்று சிலர் வாதிட்டார்கள். அது இருக்கட்டும். நாம் கவனிக்க வேண்டியது வேறு: ஒரு வார்டில் ஒரு குழந்தைக்குப் புரோபயாடிக் தொடங்கினால், அது அந்த வார்டு முழுவதற்கும் எடுக்கும் முடிவு. நல்ல பாக்டீரியா அப்படிப் பரவுகிறது என்றால், கெட்டதும் அதே வழியில் அவ்வளவு எளிதாகத்தான் பரவிக்கொண்டிருக்கிறது.

கூட்டிப் பார்த்தால் என்ன வருகிறது?

தனித்தனி ஆய்வுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிடுவதற்கென்றே உலக அளவில் பெயர்பெற்ற அமைப்பு காக்ரேன். 2020-இல் அவர்கள் 56 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்களோடு தொகுத்தார்கள். கிடைத்த கணக்கு இது: 33 குழந்தைகளுக்குப் புரோபயாடிக் கொடுத்தால், அவர்களில் ஒரு குழந்தை நெக் வராமல் தப்பிக்கிறது. குறைபாடில்லாமல் நடத்தப்பட்ட ஆய்வுகளை மட்டும் எடுத்துக்கொண்டால் அந்த எண் 33-லிருந்து 50 ஆகிறது. அதாவது பயன் இருக்கிறது, ஆனால் சிறிய ஆய்வுகள் அதைக் கொஞ்சம் ஊதிக் காட்டியிருக்கின்றன. 50 குழந்தைகளில் ஒன்று என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். அழுகிய குடலை வெட்டி எடுக்கும் அறுவை சிகிச்சையிலிருந்து ஒரு குழந்தையைக் காக்க முடியும் என்றால், அது சிறியதே அல்ல.

2023-இல் வெளிவந்த இன்னொரு பெரிய தொகுப்பு நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்தது. ஒரே ரகத்தைவிடப் பல ரகங்கள் கலந்தவை நெக்கையும் இறப்பையும் குறைப்பதில் முன்னே நிற்கின்றன என்றது.

இந்தக் கணக்குகளில் ஓர் ஓட்டை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. நெக் அதிகம் தாக்குவது 28 வாரத்துக்கு முன், ஒரு கிலோவுக்குக் குறைவாகப் பிறக்கும் குழந்தைகளை. பாதுகாப்பு மிகவும் தேவைப்படுவது அவர்களுக்குத்தான். ஆனால் காக்ரேன் தொகுப்பில் அந்தக் குழந்தைகளை மட்டும் பிரித்துப் பார்த்தபோது தெளிவான பயன் தெரியவில்லை. அத்தகைய குழந்தைகள் ஆய்வுகளில் குறைவாகவே சேர்க்கப்பட்டிருந்தார்கள் என்பது ஒரு காரணம். பெர்த்தும் வாஷிங்டனும் வேறுவேறு முடிவுக்கு வந்ததற்கு இதுவும் ஒரு வேர்.

ஒடிசா ஆய்வைப் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். 2017-இல் நேச்சர் இதழில் வந்த அந்த ஆய்வு இந்தியாவுக்குப் பெருமை சேர்த்தது. ஒடிசா கிராமங்களில் 4,556 குழந்தைகளைச் சேர்த்து, அவர்களில் பாதிப் பேருக்கு ஒரு லாக்டோபாசில்லஸ் ரகத்தை ஒருவகைச் சர்க்கரையோடு ஏழு நாட்கள் கொடுத்தார்கள். ரத்தத் தொற்றோ மரணமோ நேர்ந்தவர்களின் விகிதம் 9 சதவீதத்திலிருந்து 5.4 சதவீதமாகக் குறைந்தது. அருமையான பலன். ஆனால் அந்தக் குழந்தைகள் 35 வாரமாவது நிறைந்தவர்கள், இரண்டு கிலோவாவது எடை உள்ளவர்கள், தாய்ப்பால் குடித்தவர்கள். இன்குபேட்டருக்குள் இருக்கும் 900 கிராம் குழந்தைக்கு அந்த ஆய்வை ஆதாரமாகக் காட்டுவது பொருந்தாது.

இரண்டு மரணங்கள்

2014-இல் அமெரிக்காவில் 29 வாரத்தில் பிறந்த ஒரு குழந்தைக்கு, நெக் வராமல் காப்பதற்காக, கடைகளில் உணவுத் துணைப்பொருளாக விற்கும் ஒரு புரோபயாடிக் பொடியைக் கொடுத்தார்கள். அந்தப் பொடியில் ரைசோபஸ் என்ற பூஞ்சை கலந்திருந்தது. பூஞ்சை குழந்தையின் குடலைத் தாக்கியது, குழந்தை இறந்தது. பாக்டீரியா ஒரு தீங்கும் செய்யவில்லை. அதைத் தயாரித்த முறையில்தான் கோளாறு. பெரியவர் ஒருவர் அதே பொடியைச் சாப்பிட்டிருந்தால் பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது.

2023-இல் நடந்தது வேறு மாதிரி. ஒரு கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த ஒரு குழந்தைக்கு ஈவிவோ என்ற பொருளைக் கொடுத்தார்கள். அதிலிருந்தது பைஃபிடோபாக்டீரியம் இன்ஃபான்டிஸ். மேலே சொன்ன தாய்ப்பால் சர்க்கரையைத் தின்பதில் கைதேர்ந்த ரகம். அந்தக் குழந்தை ரத்தத்தில் தொற்று ஏறி இறந்தது. ரத்தத்தில் கிடைத்த பாக்டீரியாவின் மரபணுவும் கொடுத்த பொருளிலிருந்த பாக்டீரியாவின் மரபணுவும் ஒத்துப்போயின. கலப்படமில்லை, நன்மைக்காகக் கொடுத்த பாக்டீரியாவே மெல்லிய குடல் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குள் போயிருக்கிறது. அதற்குப் பிறகுதான் எஃப்.டி.ஏ. அந்நிறுவனத்துக்கும், இதேபோன்ற பொருளை விற்ற அபட் நிறுவனத்துக்கும் கடிதம் அனுப்பியது. நோயைத் தடுக்கும் என்று சொல்லிக் கொடுத்தால் அது மருந்து. மருந்துக்குரிய அனுமதி பெறாமல் விற்க முடியாது என்பது அவர்கள் வாதம்.

அமெரிக்க மருத்துவர்கள் பலரும், நெக்கால் குழந்தையை இழந்த பெற்றோரின் அமைப்பும் இதை எதிர்த்தார்கள். பாக்டீரியாவால் வரும் தொற்று அரிது, நெக் அரிதல்ல. நிறுத்துவதால் போகும் உயிர்களை யார் கணக்கிடுவது என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. எஃப்.டி.ஏ. தரத்தைக் கேட்டது சரி. ஆனால் தரமான மாற்று எதுவும் கையில் இல்லாத நேரத்தில் கதவை மூடியது சரியில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒரு கிலோவுக்குக் குறைவான குழந்தைகளை மட்டும் தனியே வைத்து விதி வகுத்திருக்கலாம்.

மற்ற அமைப்புகளின் நிலைப்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தாய்ப்பால் குடிக்கும், 32 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைகளுக்குப் புரோபயாடிக் கொடுப்பதைப் பரிசீலிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொன்னது. ஐரோப்பியக் குழந்தைகள் குடல்நல மருத்துவர் சங்கம் 2020-இல், பாதுகாப்புக்கான நிபந்தனைகள் நிறைவேறினால், ஆதாரமுள்ள சில ரகங்களை மட்டும் பெயர் சொல்லி அனுமதித்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் அகாடமி 2021-இல், எல்லாக் குறைமாதக் குழந்தைகளுக்கும் வழக்கமாகக் கொடுப்பதை ஆதரிக்கவில்லை. குறிப்பாக ஒரு கிலோவுக்குக் கீழே வேண்டாம் என்றது.

கடையில் இருப்பதெல்லாம் ஒன்றல்ல

நம் ஊர் மருந்துக் கடையில் புரோபயாடிக் என்று கேட்டால் பத்து வகை எடுத்துக் காட்டுவார்கள். பேதிக்குக் கொடுக்கும் பேசில்லஸ் கிளாசி திரவம், சாக்கரோமைசஸ் என்ற ஈஸ்ட் உள்ள சாஷே, பல லாக்டோபாசில்லஸ்கள் கலந்த பொடி. சில மருந்து உரிமத்தில் வருகின்றன, சில உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் எண்ணோடு உணவுப்பொருளாக வருகின்றன. உணவுப்பொருளாக வருவதற்கும் மருந்தாக வருவதற்கும் சோதனையின் கடுமை வேறு. பெட்டியில் எழுதிய பாக்டீரியாவே உள்ளே இருக்கிறதா, எழுதிய அளவு உயிரோடு இருக்கிறதா, வேறு கிருமி எதுவும் கலக்கவில்லையா என்ற மூன்றுக்கும் ஒவ்வொரு தொகுதிக்கும் சான்று வேண்டும். ஒரு கிலோ குழந்தை விஷயத்தில் இதில் சமரசம் கூடாது.

ரகமும் முக்கியம். ஒரே இனத்திலேயே ஒரு ரகம் பயன் தரும், மற்றொன்று தராது. புரோபிரெம்ஸில் கண்ட பலனை வேறொரு சாஷேக்கு இரவல் கொடுக்க முடியாது. ஈஸ்ட் வகையை, நரம்பில் சென்ட்ரல் லைன் போட்டிருக்கும் நோயாளிகள் அருகில் பிரிப்பதே ஆபத்து என்று ஐரோப்பாவில் எச்சரித்திருக்கிறார்கள். பிரிக்கும்போது காற்றில் பறந்து, கையில் ஒட்டி, லைன் வழியாக ரத்தத்தில் ஏறிப் பூஞ்சைத் தொற்று உண்டாகியிருக்கிறது. என்.ஐ.சி.யு. குழந்தைகள் பெரும்பாலும் லைன் போட்டவர்கள்.

வீட்டுப் பெரியவர்கள் சிலர், தயிரிலும் இதே பாக்டீரியாதானே, இரண்டு சொட்டு மோர்த்தெளிவு கொடுத்தால் என்ன என்று கேட்பதுண்டு. வேண்டவே வேண்டாம். தயிரில் எந்தக் கிருமி எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சேனை, தேன், கழுதைப்பால் எதுவும் அந்தக் குழந்தையின் நாவில் படக் கூடாது. அன்பினால் செய்வது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்தக் குடல் அதைத் தாங்காது.

ஒழுங்காக நடத்தும் பிரிவில் புரோபயாடிக் கொடுப்பது எப்படி இருக்கும் என்றும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். குழந்தை சொட்டுச் சொட்டாகப் பால் ஏற்கத் தொடங்கியதும் ஆரம்பிப்பார்கள். நாளுக்கு ஒருமுறை, தாயிடமிருந்து எடுத்த பாலில் கலந்து, இரைப்பைக் குழாய் வழியாகப் போகும். கலப்பது இன்குபேட்டர் பக்கத்தில் இல்லாமல், தனி மேசையில், கையுறையோடு. பொடி குளிர்பெட்டியில் இருக்கும். குழந்தையின் வயிறு உப்பினாலோ, நிலை மோசமானாலோ நிறுத்துவார்கள். கர்ப்ப காலக் கணக்கில் 34 முதல் 36 வாரம் ஆகும்போது பெரும்பாலும் முடித்துக்கொள்வார்கள். ஆய்வகத்துக்கும் தகவல் சொல்லியிருப்பார்கள். காரணம், பைஃபிடோ வகை ஆக்சிஜன் இல்லாத சூழலில்தான் நன்றாக வளரும், வழக்கமான ரத்தக் கல்ச்சர் அதைத் தவறவிடக்கூடும்.

பொடிக்கு முன்னால் பால்

இவ்வளவு சொன்ன பிறகும், நெக்கைத் தடுப்பதில் முதலிடம் புரோபயாடிக்குக்குக் கிடையாது. அது தாய்ப்பாலுக்கு. 1990-இல் இங்கிலாந்தில் 926 குறைமாதக் குழந்தைகளைப் பற்றி வெளியான ஆய்வு, பவுடர் பால் மட்டும் குடித்த குழந்தைகளுக்குத் தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களைவிட ஆறு முதல் பத்து மடங்கு அதிகமாக நெக் வந்ததைக் காட்டியது. எந்தப் பொடியும் இந்த அளவுக்கு வேலை செய்ததில்லை. அந்தச் சிறுசர்க்கரைகள் இல்லாவிட்டால் பைஃபிடோவுக்குச் சாப்பாடும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகள் என்று குறிப்பிட்டுச் சொன்னதைக் கவனியுங்கள்.

தாயிடம் பால் போதவில்லை என்றால் அடுத்த வழி தாய்ப்பால் வங்கி. மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா ஃபெர்னாண்டஸ் 1989-இல் தொடங்கியது ஆசியாவின் முதல் வங்கி. சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையிலும் தாய்ப்பால் வங்கி இருக்கிறது. தானமாக வரும் பாலை 62.5 டிகிரியில் அரை மணி நேரம் சூடாக்கிக் கிருமி நீக்குவார்கள். கெட்டவற்றோடு நல்ல பாக்டீரியாவும் அதில் போய்விடும், சிறுசர்க்கரை மிஞ்சும். தானப் பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்குப் புரோபயாடிக் கொடுப்பதில் இதனால் ஒரு நியாயம் இருக்கிறது. கங்காரு பராமரிப்பும் இதில் சேரும். இந்தியாவும் பங்கேற்று 2021-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பிறந்தவுடனே தொடங்கிய கங்காரு பராமரிப்பு எடை குறைந்த குழந்தைகளின் இறப்பை நான்கில் ஒரு பங்கு குறைத்தது. தேவையில்லாத ஆன்டிபயாடிக்கைச் சீக்கிரம் நிறுத்துவது, கை கழுவுவது ஆகியவையும் காசு செலவில்லாத காப்புகள்.

என் தீர்ப்பு இது. 28 முதல் 32 வாரத்தில் பிறந்து, தாய்ப்பால் ஏற்றுக்கொண்டிருக்கும் குழந்தைக்கு, ஆய்வில் நிரூபிக்கப்பட்ட ரகமும் சோதித்த பொருளும் கிடைக்குமானால், புரோபயாடிக் கொடுப்பது நல்லது. ஒரு கிலோவுக்குக் கீழே உள்ள குழந்தைக்கு, அந்தப் பிரிவின் நெக் விகிதம், ஆய்வக வசதி, அனுபவம் எல்லாவற்றையும் எடைபோட்டு மூத்த மருத்துவர் முடிவெடுக்க வேண்டும். பெற்றோருக்கு இரு பக்கத்தையும் சொல்லிச் சம்மதம் பெற வேண்டும். சான்றில்லாத சாஷேதான் கிடைக்கிறது என்றால், கொடுக்காமல் இருப்பதே மேல். குறைமாதக் குழந்தைகளுக்கென்று மருந்துத் தரத்தில் ஒரு புரோபயாடிக்கைத் தயாரித்து, நம் வார்டுகளிலேயே பெரிய ஆய்வு நடத்துவது அரசு செய்ய வேண்டிய வேலை. ஆண்டுக்கு 30 லட்சம் குறைமாதக் குழந்தைகள் பிறக்கும் நாடு மற்ற நாடுகளின் ஆய்வை மட்டும் நம்பியிருக்கக் கூடாது.

உங்கள் குழந்தை இப்போது இன்குபேட்டரில் இருக்கிறது என்றால், யார் சொன்னாலும் நீங்களாக ஒரு சாஷேயை வாங்கி உள்ளே கொடுத்தனுப்பாதீர்கள். மருத்துவர் எழுதித் தந்தால் தயங்காமல் கேளுங்கள்: இது எந்த ரகம், குறைமாதக் குழந்தைகளிடம் சோதித்ததா, என் குழந்தையின் எடைக்கு இது ஏற்றதா? சீட்டில் எழுதிய அதே பெயரை வாங்குங்கள். கடைக்காரர் மாற்றிக் கொடுத்தால் வாங்காதீர்கள். வெயிலில் அலையாமல் கொண்டுவந்து கொடுங்கள், பெட்டியிலுள்ள தொகுதி எண்ணைக் குறித்துவையுங்கள். குழந்தையின் வயிறு உப்பியிருப்பதாகப் பட்டால், குழாயில் பச்சையாக ஏதும் தெரிந்தால், காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்காமல் அந்த நிமிடமே சிஸ்டரிடம் சொல்லுங்கள்.